புகார்கள் குறைந்தால் போதுமா? போலீஸ்காரர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் ‘முன்கூட்டியே தலையிடும் முறை’யை எப்படி மதிப்பிடுவது

1991 மார்ச் 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ரோட்னி கிங் என்பவரைப் போலீஸார் சூழ்ந்து நின்று தடியால் அடித்ததை, எதிரே குடியிருந்த ஒருவர் வீடியோவில் பதிவு செய்தார். அந்தக் காட்சி உலகமெங்கும் ஒளிபரப்பானது. பிறகு அமைக்கப்பட்ட கிறிஸ்டோபர் ஆணையம் பல வேலைகளைச் செய்தது. அவற்றில் மிக எளியது ஒன்றே இன்றுவரை பேசப்படுகிறது: அந்தக் காவல்துறையின் கோப்புகளில் ஏற்கெனவே கிடந்த புகார்களை ஆள்வாரியாக எண்ணிப் பார்த்தது.

1986 முதல் 1990 வரையிலான கணக்கு அது. அளவுக்கு மீறிப் பலத்தைப் பயன்படுத்தியதாகவோ முறைகேடாக நடந்துகொண்டதாகவோ சுமார் 1,800 பேர் மீது புகார் வந்திருந்தது. அவர்களில் 1,400-க்கும் மேற்பட்டோர் மீது ஒன்றோ இரண்டோ புகார்தான். நான்கோ அதற்கு மேலோ பெற்றவர்கள் 183 பேர். ஆறு அல்லது அதற்கு மேல் என்று பார்த்தால் 44 பேர். ஒரே ஒருவர் மீது மட்டும் 16 புகார்கள். அந்த 44 பேரின் பணி மதிப்பீட்டு அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் எல்லாம் பாராட்டு மழை. மேலதிகாரி எழுதிய மதிப்பீடு ஒரு கோப்பில், புகார்கள் வேறொரு கோப்பில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் ‘ஏர்லி இன்டர்வென்ஷன் சிஸ்டம்’ எனப்படும் முன்கூட்டியே தலையிடும் முறை. யோசனை அதற்கும் முந்தையது. அமெரிக்க சிவில் உரிமை ஆணையம் 1981-லேயே இதைப் பரிந்துரைத்தது. 1994-ல் வந்த சட்டம் ஒன்று, தொடர்ந்து உரிமை மீறல்களில் ஈடுபடும் காவல்துறைகள் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் நீதி அமைச்சகத்துக்கு அதிகாரம் தந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் முதலில் சிக்கிய நகரம் பிட்ஸ்பர்க். 1997-ல் அது ஏற்றுக்கொண்ட நீதிமன்ற உடன்பாட்டில் இப்படியொரு முறையை உருவாக்குவதும் ஒரு நிபந்தனை. அதன்பின் நகரத்துக்கு நகரம் இது பரவியது. காவல்துறைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ‘காலியா’ அமைப்பும் தன் விதிகளில் இதைச் சேர்த்துவிட்டது.

பரவியதால் மட்டும் ஒன்று பயன் தருகிறது என்று ஆகிவிடாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். இந்த முறை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் இது இயங்கும் விதத்தைப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு போலீஸ்காரரைப் பற்றியும் துறையிடம் பல பதிவுகள் சேர்கின்றன. எத்தனை முறை பலத்தைப் பயன்படுத்தினார், எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை வாகனத் துரத்தல்கள், எத்தனை விபத்துகள், அவரால் துறை மீது எத்தனை வழக்குகள், எவ்வளவு மருத்துவ விடுப்பு, ‘கைதை எதிர்த்தார்’ என்று அவர் போட்ட வழக்குகள் எத்தனை. இவற்றைக் குறியீடுகள் என்கிறார்கள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டியதும் அவருடைய நேரடி மேலதிகாரிக்கு எச்சரிக்கை போகும். அவர் கோப்புகளைப் படித்து, சம்பந்தப்பட்டவரோடு பேசி, தேவைப்பட்டால் பயிற்சிக்கோ கவுன்சலிங்குக்கோ ஏற்பாடு செய்வார். அல்லது ஷிஃப்டை மாற்றிக் கொடுப்பார். இது தண்டனை இல்லை. ஒழுங்கு நடவடிக்கை தவறு நடந்த பின் வருவது. இது பெரிய தவறு நடக்கும் முன் வர வேண்டியது.

ஒரு எச்சரிக்கையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். நேரடி மேலதிகாரியான சார்ஜென்ட்டின் திரையில் ஒரு வரி: ‘90 நாட்களில் 3 பலப்பிரயோக அறிக்கைகள்.’ அவ்வளவுதான். அக்கறையில்லாத சார்ஜென்ட் மூன்று அறிக்கைகளிலும் ‘விதிகளுக்கு உட்பட்டது’ என்று முத்திரை விழுந்திருப்பதைப் பார்த்து, ‘பரிசீலிக்கப்பட்டது’ என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டுப் போவார். இரண்டு நிமிட வேலை. அக்கறையுள்ளவர் மூன்று சம்பவங்களின் பாடி கேமரா பதிவையும் போட்டுப் பார்ப்பார். மூன்றும் ஓவர்டைமின் கடைசி மணி நேரத்தில் நடந்திருப்பது கண்ணில் படும். மூன்றிலும் எதிரில் இருந்தவர் கையை உதறியதும், பேசிப் பார்க்காமல் இவர் நேராகத் தரையில் தள்ளியிருப்பது தெரியும். அதற்கு இரு மாதங்களுக்கு முன் ஒரு குழந்தை இறந்துபோன வீட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் இவர்தான் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கும். இத்தனையும் சேர்ந்தால்தான் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும். ஓவர்டைமைக் குறைப்பதா, பேசிச் சமாளிக்கும் பயிற்சிக்கு அனுப்புவதா, மனநல ஆலோசகரிடம் அனுப்புவதா என்பதெல்லாம் அந்த ஒற்றை வரியில் கிடையாது. கணினி செய்வது கதவைத் தட்டுவது மட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பது மனிதர்.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். முதல் கேள்வி: சரியான ஆட்களைத்தான் அடையாளம் காட்டுகிறதா?

ஒரு கற்பனைக் கணக்கு. 1,000 பேர் உள்ள ஒரு துறையில் அடுத்த ஓராண்டில் 50 பேர் ஏதோ ஒரு கடுமையான சம்பவத்தில் சிக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் அந்த 50 பேர் என்று இன்று யாருக்கும் தெரியாது. நம் முறை 100 பேரைக் காட்டுகிறது. அந்த 100 பேரில் 20 பேர் உண்மையிலேயே அந்த 50-ல் அடங்குகிறார்கள். அப்படியானால் 80 பேரைத் தேவையின்றிக் காட்டியிருக்கிறது. 30 பேரைத் தவறவிட்டிருக்கிறது. கேட்டதும் படுதோல்வி போலத் தோன்றும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 100 பேரைப் பொறுக்கியிருந்தால் அதில் 5 பேர்தான் சரியாக அமைந்திருப்பார்கள். அதைவிட இது நான்கு மடங்கு மேல்.

அந்த 80 பேர் விஷயத்தில் எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பது, அடையாளம் காட்டப்பட்டவருக்கு என்ன நேர்கிறது என்பதைப் பொறுத்தது. மேலதிகாரியோடு அரை மணி நேர உரையாடல் என்றால் 80 தவறான எச்சரிக்கைகள் பெரிய நஷ்டமில்லை. பதவி உயர்வு தள்ளிப்போகும், சக ஊழியர்கள் முன் பெயர் கெடும் என்றால் அது அநியாயம். நியூ ஆர்லியன்ஸில் இந்தத் திட்டத்தின் வகுப்பைப் போலீஸ்காரர்களே ‘கெட்ட பையன்கள் பள்ளிக்கூடம்’ என்று அழைத்தார்கள். உதவி செய்வதற்காக வைத்த வகுப்புக்கு அப்படிப் பெயர் விழுந்துவிட்டால் அங்கே போகிறவர் எந்த மனநிலையில் உட்கார்ந்திருப்பார்?

தவறான எச்சரிக்கைகள் பெரும்பாலும் வருவது ஒரே வரம்பை எல்லோர் மீதும் போடுவதால். குற்றம் மிகுந்த பகுதியில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் ஒரு மாதத்தில் சந்திக்கும் மோதல்களை, அமைதியான பகுதியில் பகல் வேலை பார்ப்பவர் ஓராண்டிலும் சந்திக்கமாட்டார். இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்தால் சுறுசுறுப்பாக வேலை செய்பவருக்குத்தான் முதலில் எச்சரிக்கை வரும். அதனால் இப்போது பல துறைகள் ஒரே பகுதியில் ஒரே ஷிஃப்டில் இருப்பவர்களோடு ஒப்பிடுகின்றன. கைதுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதும் உண்டு. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது: தேவையற்ற கைதுகளை நிறையச் செய்பவருக்கு வகுக்கும் எண் பெரிதாகி, விகிதம் அழகாகத் தெரியும். ஒரே பிரிவுக்குள் ஒப்பிடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. பிரிவு மொத்தமும் முரட்டுத்தனமாக இருந்தால் அதில் யாரும் தனித்துத் தெரியமாட்டார்.

வரம்பு முறையைவிட மேலாகச் செய்ய முடியும் என்று காட்டிய ஒரு முயற்சி, வடக்கு கரோலினாவின் சார்லட்-மெக்லன்பர்க் காவல்துறையில் நடந்தது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் துறையின் பல ஆண்டுத் தரவுகளைக் கொண்டு ஒரு மெஷின் லேர்னிங் மாதிரியை (பழைய தரவிலிருந்து தானே கற்றுக்கொண்டு கணிக்கும் கணினி முறையை) உருவாக்கி 2016-ல் வெளியிட்டார்கள். துறையில் ஏற்கெனவே இருந்த முறையோடு ஒப்பிடுகையில் சரியான எச்சரிக்கைகள் சுமார் 12 சதவீதம் கூடின. தவறானவை சுமார் 32 சதவீதம் குறைந்தன. போலீஸ்காரரின் சொந்த வரலாறு மட்டுமல்ல, அவர் பணியாற்றும் சூழலும் பகுதியும் கணிப்புக்கு உதவுகின்றன என்பதும் அதில் தெரிந்தது. ஆபத்து என்பது ஆளுக்குள் மட்டும் இருப்பதில்லை, அவரை நாம் எங்கே நிறுத்துகிறோம் என்பதிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இங்கே தொடக்கநிலை வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் உண்டு. ஒருவரைக் காட்டினோம், தலையிட்டோம், ஓராண்டில் ஒன்றும் நடக்கவில்லை. அது தவறான எச்சரிக்கையா, வெற்றியா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் கணிப்பின் துல்லியத்தைச் சோதிக்க, தலையீடு நடக்காத பழைய ஆண்டுகளின் தரவை எடுத்துக்கொள்கிறார்கள். 2012 வரையிலான பதிவுகளை மட்டும் மாதிரிக்குக் கொடுத்து, 2013-ல் யார் சிக்குவார் என்று கணிக்கச் சொல்லி, நடந்ததோடு ஒப்பிடுவது போல.

இரண்டாவது கேள்வி சுருக்கமானது, பெரும்பாலும் கேட்கப்படாதது. எச்சரிக்கை வந்த பிறகு யாராவது ஏதாவது செய்தார்களா? லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை நீதிமன்ற உடன்பாட்டின்படி ‘டீம்ஸ் 2’ என்ற பெரிய கணினி அமைப்பை உருவாக்கியது. 2014-ல் அந்தத் துறையைக் கண்காணிக்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் ஆராய்ந்தபோது, பெரும்பாலான எச்சரிக்கைகள் ‘நடவடிக்கை தேவையில்லை’ என்றே முடிக்கப்பட்டிருந்தன. அவற்றில் பல நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் எத்தனை எச்சரிக்கைகள், எத்தனை நாளில் பார்க்கப்பட்டன, என்ன செய்யப்பட்டது, செய்யாவிட்டால் என்ன காரணம் எழுதப்பட்டது என்ற பதிவு இல்லாமல் மேற்கொண்டு எதையும் மதிப்பிட முடியாது. மருந்து கொடுக்கப்பட்டதா என்றே தெரியாதபோது குணமானதா என்று பேசிப் பயனில்லை.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. தலையிட்டதால் நடத்தை மாறியதா?

இதற்கு அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, சாமுவேல் வாக்கர், ஜெஃப்ரி ஆல்பர்ட், டென்னிஸ் கென்னி மூவரும் செய்து 2001-ல் அமெரிக்க தேசிய நீதி நிறுவனம் வெளியிட்டது. 50,000 அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை உள்ள பகுதிகளின் உள்ளூர்க் காவல்துறைகளில், அது ஆராய்ந்தவற்றில் 27 சதவீதம் 1999-ல் இத்தகைய முறையை வைத்திருந்ததாக அது கண்டறிந்தது. மூன்று நகரங்களை அது நெருங்கிப் பார்த்தது. மினியாபொலிஸில் தலையீட்டுக்குப் பின் ஓராண்டில் புகார்கள் 67 சதவீதம் குறைந்தன. நியூ ஆர்லியன்ஸில் 62 சதவீதம். மயாமி-டேடில், தலையீட்டுக்கு முன் பலப்பிரயோக அறிக்கையே இல்லாதவர்கள் அந்தக் குழுவில் 4 சதவீதம்தான். பின்னர் அது 50 சதவீதமானது.

இந்த எண்களைப் படித்தால் யாருக்கும் நம்பிக்கை பிறக்கும். ஆனால் ஒரு பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். 600 பேரை ஆளுக்கொரு முறை உருட்டச் சொல்லுங்கள். சுமார் 100 பேருக்கு ஆறு விழும். அந்த 100 பேரை மட்டும் தனியே கூப்பிட்டு, ‘இனி சிறிய எண் விழும்படி கவனமாக உருட்டுங்கள்’ என்று அறிவுரை சொல்லி மறுபடி உருட்டச் சொன்னால் சராசரி ஆறிலிருந்து மூன்றரை அருகே இறங்கிவிடும். அறிவுரைக்கு இதில் பங்கே இல்லை. உச்சத்தில் இருக்கும்போது பொறுக்கி எடுத்ததால்தான் அடுத்த முறை இறங்கியது. புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள்.

போலீஸ்காரர் பகடை இல்லை. சிலருக்குப் புகார்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு உண்மையான காரணம் உண்டு. ஆனாலும் ஒரு மோசமான ஆண்டில் கெட்ட நேரத்துக்கும் பங்கு இருக்கும். எச்சரிக்கை முறை அந்த மோசமான ஆண்டைப் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. எனவே யாரும் எதுவும் செய்யாமலே அடுத்த ஆண்டு ஓரளவு இறங்கத்தான் செய்யும். 67 சதவீதத்தில் எவ்வளவு தலையீட்டால் வந்தது, எவ்வளவு தானாக இறங்கியது? முன்னும் பின்னும் பார்ப்பதால் மட்டும் அதைச் சொல்ல முடியாது.

அதற்கு ஒப்பீட்டுக் குழு வேண்டும். அதேபோன்ற புகார் வரலாறும் பணியும் கொண்டு, தலையீடு பெறாதவர்கள். ராபர்ட் வோர்டனும் அவருடைய குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் செய்தது. பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களுக்குப் புகார்கள் குறைந்தது உண்மை. அனுப்பப்படாத, அவர்களை ஒத்தவர்களுக்கும் அதே போலக் குறைந்திருந்தது. அதாவது முன்-பின் கணக்கில் தெரிந்த முன்னேற்றத்தைத் தலையீட்டின் கணக்கில் எழுத முடியவில்லை. இந்த முறையை நம்பி ஆதரிப்பவர்கள்தான் இந்த முடிவை முதலில் படிக்க வேண்டும் என்பேன். ஒரு நகரத்தின் ஒரு பயிற்சி வகுப்பு பலன் தராததால் எல்லாம் வீண் என்று ஆகாது. ஆனால் ‘புகார்கள் குறைந்துவிட்டன’ என்ற அறிக்கையை வைத்து வெற்றி என்று இனி யாரும் சொல்லிவிட முடியாது.

புகார்கள் குறைவதற்கு வேறு வழிகளும் உண்டு. எச்சரிக்கை பெற்றவர் வேலையையே குறைத்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டிய இடத்திலும் கண்டும் காணாமல் போகலாம். அதனால் புகாரோடு கூட அவருடைய கைதுகள், ரோந்து, அழைப்புகளுக்குப் போனது எல்லாவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். புகார் கொடுக்க வருபவரை நிலையத்தில் அலைக்கழித்துத் திருப்பி அனுப்பினாலும் எண்ணிக்கை குறையும். அடிபட்டவர் புகார் கொடுக்காமல் போவதற்குப் பயமே போதும். ஆகவே புகார் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த காயங்கள், நகரம் கொடுத்த இழப்பீட்டுத் தொகை, மாதிரிக்கு எடுத்துப் பார்த்த பாடி கேமரா பதிவுகள் என்று வேறு திசைகளிலிருந்தும் சரிபார்ப்பது அவசியம்.

மினியாபொலிஸுக்குத் திரும்புவோம். 67 சதவீதக் குறைவைக் காட்டிய அதே நகரத்தில்தான் 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். அவர் கழுத்தில் முழங்காலை அழுத்திய டெரிக் சாவின் மீது அதற்கு முன் குறைந்தது 17 புகார்கள் இருந்தன. அதோடு, அன்று அவர் புதியவர்களுக்குக் களப்பயிற்சி தரும் பொறுப்பிலும் இருந்தார். புகார்களை எண்ணும் முறை உள்ள ஒரு துறை, அத்தனை புகார்கள் உள்ளவரிடம் புதியவர்களை ஒப்படைத்தது. மதிப்பீடு என்பது ஒருமுறை செய்து சான்றிதழ் வாங்கி மாட்டிக்கொள்ளும் விஷயமல்ல. ஆட்கள் மாறுவார்கள், ஆர்வம் வடியும், கணினி அமைப்பு பழசாகும். முறை பெயரளவில் இருக்கும். உள்ளே உயிர் இருக்காது.

அப்படியானால் நல்ல மதிப்பீட்டை எப்படிச் செய்வது? சீட்டுக் குலுக்கி, எச்சரிக்கை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் உதவுவது புள்ளியியல்படி சிறந்தது. ஆனால் ஆபத்தானவர் என்று தெரிந்தும் ஒருவரை அப்படியே விடுவது மனசாட்சிக்கு ஒவ்வாது. நாளை அவர் யாரையாவது சுட்டால் துறை நீதிமன்றத்தில் பதில் சொல்ல முடியாது. இதற்கு இரண்டு நேர்மையான மாற்றுகள் உண்டு. ஒன்று, நகரத்தின் எல்லாப் பிரிவுகளிலும் ஒரே நாளில் தொடங்காமல், எந்தப் பிரிவு முதலில் என்பதைச் சீட்டுப் போட்டு, சில மாத இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தொடங்குவது. தொடங்கிய பிரிவையும் இன்னும் தொடங்காத பிரிவையும் அந்த இடைவெளியில் ஒப்பிடலாம். மற்றது, வரம்பின் விளிம்பைப் பார்ப்பது. வரம்பு மூன்று என்றால், சரியாக மூன்றில் இருப்பவருக்கும் இரண்டில் நின்றவருக்கும் இயல்பில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒருவருக்குத் தலையீடு கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. போதுமான ஆட்கள் இருந்தால், இருவகையினரும் அதன்பின் எப்படிப் போனார்கள் என்பது நிறையச் சொல்லும். மூன்றாவது அறிக்கையை எழுதாமலே தவிர்க்கும் பழக்கம் துறையில் இருந்தால் இந்த வழி பயன்படாது. இரண்டில் நிற்பவர்களின் எண்ணிக்கை சந்தேகப்படும்படி குவிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறிய துறைகளுக்கு இது எதுவும் ஒத்துவராது. 40 பேர் உள்ள இடத்தில் கடுமையான சம்பவம் எப்போதோ ஒன்று நடக்கும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பல சிறிய துறைகள் தங்கள் தரவுகளை ஒன்றுசேர்த்தால்தான் வழி.

சிறந்த முறையாக இருந்தாலும் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஆரன் சால்ஃபினும் ஜேக்கப் கப்லானும் 2021-ல் சிகாகோ தரவை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். அதிக ஆபத்துள்ளவர்களாகத் தெரிந்த 10 சதவீதத்தினரை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் நடுத்தரமானவர்களை வைத்திருந்தால் பத்தாண்டுகளில் பலப்பிரயோகம் வெறும் 6 சதவீதம்தான் குறைந்திருக்கும். சில கெட்டவர்களை அகற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது கசப்பான செய்தி. அதே சிகாகோவைப் பற்றி 2024-ல் வந்த இன்னோர் ஆய்வு, தவறான நடத்தை ஓரளவுக்குக் கணிக்கக்கூடியதுதான் என்று காட்டியது. பழைய புகார்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது போன்ற எளிய வழியே, மெஷின் லேர்னிங் அளவுக்குத் துல்லியமாக இல்லாவிட்டாலும், செலவழித்ததற்கு மேல் பலன் தரும் என்றும் அது சொன்னது. இரண்டும் முரண்படவில்லை. தடுக்கக்கூடிய சில பெருந்துயரங்களைத் தடுப்பது மதிப்புள்ளது. மொத்தப் பிரச்சினையும் அதில் அடங்கிவிடாது.

மீதிப் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதையும் இதே தரவு சொல்லக்கூடும், கேட்டால். எச்சரிக்கைகளை ஆள்வாரியாக மட்டும் அடுக்காமல் சார்ஜென்ட்வாரியாக, ஷிஃப்ட்வாரியாக, பயிற்சியாளர்வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் வந்து பொறுப்பேற்ற பின் ஒரு பிரிவில் ஐந்து பேருக்கு எச்சரிக்கை வந்தால், ஐந்து பேரையும் தனித்தனியாக வகுப்புக்கு அனுப்புவதால் என்ன ஆகும்? அந்த வரிசையில் முதலில் கூப்பிட்டுப் பேச வேண்டியவர் அந்தச் சார்ஜென்ட். துறை தன் முறையை மதிப்பிடச் சொல்லி ஆய்வாளரை அழைக்கும்போது, மேலதிகாரிகளின் பெயர்கள் உள்ள அந்தப் பட்டியலையும் கொடுக்க வேண்டும்.